சிப்பியைத் திறந்தாத்தான் முத்து... சிடிக்கும் அதேதான்!



இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டு அலமாரி மேல்தட்டுல அப்பாவோ சித்தப்பாவோ வச்ச சிடி பவுச் ஒண்ணு தூங்கிட்டு இருக்கும். அதைக் கீழே இறக்குங்க. பாதி சிடி ஏற்கெனவே பைக்குக்குப் பின்னால ரிஃப்ளெக்டராத் தொங்கியிருக்கும். மிச்சத்துல 'கீபோர்டு டேட்டா', 'கேரல்ஸ்'னு கையால எழுதின ஒண்ணு ரெண்டு இருந்தா, உடனே கவனிங்க. அதுக்கு நேரம் கம்மி.

நம்ம தூத்துக்குடியில கீபோர்டுக்கு லீவே கிடையாது. ஜூலை 26-ல கொடியேறி ஆகஸ்ட் 5 வரைக்கும் பனிமய மாதா திருவிழா. டிசம்பர் வந்தா கேரல்ஸ். நடுவுல கல்யாணக் கச்சேரி. 2000-களின் தொடக்கத்துல, கொஞ்சம் விலை கூடின கீபோர்டுகள்ல ஃபிளாப்பி டிரைவ் இருக்கும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்ட ரிதம், டோன், பாட்டு எல்லாம் அந்த 1.44 எம்பிக்குள்ளதான்.

அது எப்படிப் போதும்? 1983-ல வந்த மிடி முறைதான் காரணம். மிடி ஃபைலுக்குள்ள சத்தம் இருக்காது. எந்தக் கட்டையை, எப்போ, எவ்வளவு அழுத்தமா அடிச்சோம்ங்கிற குறிப்பு மட்டும்தான். ஒரு பாட்டுக்கு சில பத்து கேபி போதும். ஆனா அதையே நிஜ ஆடியோவாப் பதிஞ்சா, ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி. ஏழு ஃபிளாப்பி வேணும்! அங்கேதான் 700 எம்பி சிடி ஹீரோவா என்ட்ரி கொடுத்துச்சு.

பெரும்பாலான கீபோர்டுக்கு சிடின்னா என்னன்னே தெரியாது. அதனால ஃபிளாப்பியைத் தூக்கிட்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடி, "அண்ணே, இதை சிடியில ரைட் பண்ணிக் குடுங்க"ன்னு நிக்கணும். நடுவுல கரண்ட் போச்சுன்னா சிடி காலி! பெரிய ஸ்டுடியோ கீபோர்டுகள் கதை வேற. 2002-ல வந்த கோர்க் ட்ரைட்டன் ஸ்டுடியோவுல சிடி ரைட்டரைத் தனியா வாங்கி உள்ளேயே மாட்டிக்கலாம். 2005-ல வந்த கோர்க் ஒயாசிஸ்ல சிடி ரைட்டர் கூடவே வந்துச்சு.

சிடி-ஆர், சிடி-ஆர்டபிள்யூ... ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சிடி-ஆர்ல ஒரு சாயப்பூச்சு இருக்கும். லேசர் அதைச் சுட்டு எழுதும். சுட்டதை மறுபடி பழையபடி ஆக்க முடியாது. ஆர்டபிள்யூவுல இருக்கிறது ஒரு உலோகக் கலவை. சூடாக்குற விதத்தைப் பொறுத்து அது நிலை மாறும், திரும்பவும் மாறும். அதனால சுமார் ஆயிரம் தடவை அழிச்சு எழுதலாம். ஆனா அது ஒளியைத் திருப்பி அனுப்புறது ரொம்பக் கம்மி. பழைய சிடி பிளேயர் பலதும் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. மேடையேறின பிறகு இது தெரிஞ்சவங்களோட முகத்தை நீங்க பார்த்திருக்கணும்! அதனால அன்னிக்கு எங்க கணக்கு இதுதான்: வாரா வாரம் மாத்துற ரிதம் ஆர்டபிள்யூவுல, முடிஞ்ச பாட்டு ஆர்ல.

கணக்கு சரிதான். நான்தான் சொதப்பினேன்.

எங்க பாடகர் குழுவுல கீபோர்டு வாசிச்ச அண்ணன் ஒருத்தர் கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது, அவர் போட்ட கேரல்ஸ் மொத்தத்தையும் ஒரே சிடி-ஆர்ல எழுதி என் கையில குடுத்தாரு. "பத்திரமா வச்சுக்கோ தம்பி"ன்னாரு. நானும் பத்திரமாத்தான் வச்சேன். பால்பாயின்ட் பேனாவால மேலே அழுத்திப் பேர் எழுதி, ஜன்னல் ஓரமா. அஞ்சு வருஷம் கழிச்சு டிரைவ்ல போட்டா, சுத்திச் சுத்திப் பார்த்துட்டு வெளியே துப்பிடுச்சு. அதுக்குள்ள கீபோர்டையும் வித்தாச்சு, ஃபிளாப்பியும் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. லீவுல வந்த அண்ணன் கேட்டப்போ, "தேடிப் பார்க்கேன்ணே"ன்னு பொய் சொன்னேன்.

என்ன தப்பு பண்ணினேன்னு பிறகுதான் புரிஞ்சுது. நாம பளபளன்னு இருக்கிற கீழ்ப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்போம். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல பிளாஸ்டிக் இருக்கு. நிஜ ஆபத்து மேல் பக்கத்துல. லேபிளுக்கு அடியில மெல்லிய பூச்சு, அதுக்குக் கீழேயே டேட்டா. பேனா முனை அழுத்தினா அங்கேதான் அடி. வெயில் சாயத்தைக் கெடுக்கும். ஈரமும் சூடும் வெள்ளிப்பூச்சைக் கெடுக்கும். அமெரிக்காவோட தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-ல ஒரு கையேடு போட்டுச்சு. சிடியை 4-ல இருந்து 20 டிகிரி சூட்டுல, 20-ல இருந்து 50 சதவீத ஈரப்பதத்துல வைக்கணுமாம். உப்பளக் காத்துல ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிற ஊர்ல, நம்ம அலமாரி எங்கே, அந்த 20 டிகிரி எங்கே?

நம்ம கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. சலாபம் அறிவிக்கிறதுக்கு முன்னாடி, பார்ல இருந்து கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்துத் திறந்து, முத்து தேறுமான்னு மதிப்புப் போடுவாங்களாம். வெளியே இருந்து பார்த்தா எல்லாச் சிப்பியும் ஒண்ணுதான். சிடியும் அப்படித்தான் மக்கா. பளபளன்னு இருக்கேன்னு நம்பாதீங்க. திறந்து பாருங்க.

எப்படித் திறக்கிறது?

உங்க லேப்டாப்ல சிடி டிரைவ் இருக்காது. யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒண்ணு போதும், சிடியையும் படிக்கும். ஹாஸ்டல் மொத்தத்துக்கும் ஒண்ணு வாங்கினாக்கூடச் சரி. சிடியை மெத்தென்ற துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேராத் துடைங்க. வட்டமாத் துடைக்காதீங்க. ஒரு டிரைவ்ல திறக்கலைன்னா இன்னொண்ணுல போடுங்க. பலதடவை கொஞ்சம் கொஞ்சமா எழுதின சிடியா இருந்தா, பழைய செஷன் ஒளிஞ்சு கிடக்கலாம். பாதிதான் தெரியுதேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. முதல்ல சிடி மொத்தத்தையும் ஐஎஸ்ஓ இமேஜா எடுங்க. ஃபைல் பேரை மாத்தாதீங்க. .மிட் ஃபைலை மியூஸ்ஸ்கோர் மாதிரி இலவச சாஃப்ட்வேர்லயே திறக்கலாம். .எஸ்டிஒய், .பிசிஜி மாதிரி ஃபைலுக்கு அந்தந்தக் கம்பெனி கீபோர்டுதான் வேணும்.

இன்னொரு முக்கியமான விஷயம். மிடியில சத்தம் இல்லைன்னு சொன்னேன்ல? அந்த சத்தம் இருக்கிறது பழைய கீபோர்டுக்குள்ள. அது உயிரோட இருந்தா, பாட்டை அதுலயே ஓட விட்டு, லைன் அவுட்ல இருந்து லேப்டாப்ல டபிள்யூஏவியாப் பதிஞ்சிருங்க. கீபோர்டு போச்சுன்னா குறிப்பு மிஞ்சும், குரல் மிஞ்சாது.

கடைசியா, மூணு காப்பி. லேப்டாப்ல ஒண்ணு, வெளி ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு, கிளவுட்ல ஒண்ணு. வருஷத்துக்கு ஒருநாள் மூணையும் திறந்து பாருங்க. தேதி மறந்துடும்னா, கொடியேத்தத்து அன்னிக்கே வச்சுக்கோங்க.

அந்த அண்ணன் கிட்ட பிறகு உண்மையைச் சொன்னேன். சிரிச்சுட்டு, "திரும்பப் போட்டுக்கலாம் விடு தம்பி"ன்னாரு. ரெண்டு பாட்டு திரும்பப் போட்டாரு. மீதி அவருக்கே ஞாபகம் இல்லை.

உங்க வீட்டுப் பவுச்சை இன்னிக்கே இறக்குங்க. அடுத்த வாரம் பார்ப்போமா?