ஆமணக்கு முத்தின் அருமை

மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைகளில் விளக்கெண்ணெய் இன்றும் விற்பனையாகிறது. அது பேதிக்கும் தலைக்கும் மட்டுமே ஆகும் என்றெண்ணி, வரப்போர ஆமணக்கின் முத்துக்களைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடும் சிறு விவசாயிகள் பலர். இது சரியன்று.

கடலெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இல்லாத ரிசினோலிக் அமிலம் விளக்கெண்ணெயில் 85 முதல் 90 சதம் வரை உள்ளது. எண்ணெய் கெட்டியாக இருப்பது இதனால்தான். மசகு எண்ணெய், பெயிண்ட், நைலான்-11 முதலியவை செய்யும் ஆலைகளுக்கு இதுவே வேண்டும். உலகில் ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில்; அதிலும் பெரும்பங்கு குஜராத்தில்.

தமிழகத்திலும் வழியுண்டு. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் 2009ல் ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற வீரிய ஒட்டு ரகத்தை வெளியிட்டது. குலைகள் ஒரே சமயத்தில் முதிர்வதில்லை. ஆகவே முதிர்ந்த குலைகளை மட்டும் அவ்வப்போது அறுத்து, நன்கு காயவைத்து, தூசு நீக்கிச் சேர்த்தல் வேண்டும். ஒரு படி, இரு படியாக விற்பவருக்குப் பேரம் பேசும் பலமில்லை. ஊரில் பத்துப் பேர் ஒரே ரகம் போட்டு, மூட்டைகளை ஒன்றாகக் குவித்தால் வியாபாரி இறங்கி வருவார்.

புண்ணாக்கில் ரிசின் என்னும் நஞ்சு உண்டு. அதை மாட்டுக்கு வைக்கலாகாது. வயலுக்கு நல்ல எரு. ஆலைக்காரர் அறிந்த அருமையை, விளைவிப்பவரும் அறிந்து விலை கேட்கட்டும்.