ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டி

தமிழகக் காவல்துறையின் முன்னாள் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸுக்கு விழுப்புரம் நீதிமன்றம் 2023 ஜூன் 16 அன்று மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2021 பிப்ரவரியில் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி அவர்மீது கொடுத்த பாலியல் புகாரில் வந்த தீர்ப்பு இது. மேல்முறையீடு செய்யும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த அதிகாரி புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்டபோது, சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த பரனூர் சுங்கச்சாவடியில் அவரது கார் மறிக்கப்பட்டது. மறித்த குற்றத்துக்காக அப்போதைய செங்கல்பட்டு எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம்.

நம் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் கடந்து போகும் இடம் அது. சீருடையும் பதவியும் உள்ள ஒரு பெண்ணையே நடுவழியில் நிறுத்த முடிந்தது என்றால், ஒரகடத்தில் ஒப்பந்தக் கூலிக்கு ஷிப்ட் போகும் சேரிப் பெண்ணின் புகார் எந்தச் சாவடியைத் தாண்டும்?

இது காவல்துறைக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். பெரிய மனிதர் என்று ஊர் கொண்டாடும் ஒருவர் தவறும்போது அவரைச் சுற்றியுள்ளவர்கள் முதலில் தேடுவது பாதிக்கப்பட்டவரை அல்ல. பெயரைக் காப்பாற்றும் வழியைத்தான் தேடுகிறார்கள். சிங்கப்பெருமாள் கோவில் சுற்றுவட்டாரத்தில் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய உண்டு. ஆகவே திருச்சபைக்குள் நடந்த ஒன்றையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ரவி சகரியாஸ் 1946இல் சென்னையில் பிறந்தவர். கனடா சென்று, பின்னர் 1984இல் தம் பெயரிலேயே ஓர் ஊழிய நிறுவனத்தைத் தொடங்கி, உலகெங்கும் பல்கலைக்கழக மேடைகளில் கிறிஸ்தவத்துக்காக வாதாடியவர். தம் முன்னோரில் ஒருவர் நம்பூதிரி குலத்திலிருந்து மதம் மாறியவர் என்று அவரே எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்துப் பெருமையாகச் சொன்னவர்கள் நம் சபைகளிலும் உண்டு. 2020 மே 19 அன்று அவர் இறந்தபோது, அமெரிக்கத் துணை அதிபர் நினைவுக் கூட்டத்தில் புகழுரை நிகழ்த்தினார்.

ஒன்பது மாதம் கழித்து, 2021 பிப்ரவரியில், அவரது நிறுவனமே நியமித்த சட்ட நிறுவனத்தின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. முதுகு வலிக்குச் சிகிச்சை என்று மசாஜ் செய்ய வந்த பெண்களிடம் அவர் பல ஆண்டுகள் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்பது அதன் முடிவு. அவரது கைபேசிகளில் 200க்கும் மேற்பட்ட மசாஜ் தொழிலாளர்களின் எண்கள் இருந்தன. ஏழைகளுக்கு உதவ என்று சேர்ந்த ஊழியப் பணத்திலிருந்து சில பெண்களுக்குத் தொகை போயிருந்தது. அப்படி உதவி பெற்ற ஒரு பெண், பிறகு தன்னை வன்புணர்வு செய்தார் என்று சாட்சி சொன்னார். தேவனுக்குச் செய்த ஊழியத்துக்குக் கிடைத்த வெகுமதி நீ என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழப்பதற்கு நீயே பொறுப்பு என்றும் மிரட்டியிருக்கிறார்.

கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். ஏழைப் பெண்ணுக்குக் காசு தேவை என்பதும் பயன்பட்டது, அவளது விசுவாசமும் பயன்பட்டது. அதற்கு முன், 2017இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் புகார் சொன்னபோது, அவர்மீதும் அவர் கணவர்மீதும் சகரியாஸ் வழக்குப் போட்டார். வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது. நிறுவனத்தின் நிர்வாகக் குழு அவர் சொன்னதையே நம்பியது. நம்பியது தவறு என்று ஒப்புக்கொள்ள அவர் சாகும்வரை காலம் பிடித்தது.

இப்படிப்பட்ட செய்தி வந்ததும் சபைகளில் மூன்று பேச்சு எழும். எல்லாரும் பாவிகள்தானே, அபிஷேகம் பெற்றவர்மேல் கை வைக்கக்கூடாது, மன்னித்துவிட வேண்டும். மூன்றுக்கும் வேதாகமத்திலேயே பதில் இருக்கிறது.

அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாது என்பவர்கள் தாவீது சவுலைக் கொல்லாமல் விட்டதைச் சொல்வார்கள். கொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் சவுல் செய்த அநியாயத்தை இரு தரப்பு ஆட்களும் கேட்கும்படி தாவீது உரக்கச் சொன்னார். அதே தாவீது அரசனாகி, உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைச் சாகடித்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி நேரே அரண்மனைக்குப் போனார். அவர் சொன்ன கதை நம் ஊர்க் கதை போலவே இருக்கும். மந்தை மந்தையாய் ஆடு வைத்திருந்த பணக்காரன், விருந்தாளிக்குச் சமைக்க ஏழை ஒருவன் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டான். நாத்தான் இதை வெறும் இச்சைக் கதையாகச் சொல்லவில்லை. உள்ளவன் இல்லாதவனிடமிருந்து பறித்த கதையாகச் சொன்னார். எல்லாரும் பாவிகள்தான். ஆனால் எல்லாரிடமும் அரண்மனை இல்லை.

மன்னிப்பைப் பற்றியும் அதே கதை பேசுகிறது. ஆட்டுக்குட்டிக்கு நாலு மடங்கு திருப்ப வேண்டும் என்று தாவீதே தீர்ப்புச் சொன்னார். பல நூற்றாண்டு கழித்து வரி வசூலித்த சகேயு மனம் திரும்பியபோது, அவரும் நாலு மடங்கு என்றார். இழப்பீடு இல்லாத மன்னிப்பு அங்கே பேச்சிலேயே இல்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பதும் பாதிக்கப்பட்டவர் முடிவு. அவருக்காக ஆயரோ கமிட்டியோ கையெழுத்துப் போட முடியாது. தாவீதின் சங்கீதங்களை வேதாகமம் தூக்கி எறியவில்லை. அவர் செய்ததை மறைக்கவும் இல்லை. மத்தேயுவின் வம்ச வரலாறு சாலொமோனின் தாயை உரியாவின் மனைவி என்றே குறிக்கிறது. கொல்லப்பட்டவன் பெயர் மறக்கப்படவில்லை.

தமிழ்த் திருச்சபைக்கு இந்த நேர்மை இன்னும் வரவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நாம் உருகிப் பாடுகிறோம். கோவிலுக்குள் சாதி வேறுபாட்டை நீக்க மிஷனரிகள் முயன்றபோது, அதை எதிர்த்து வாதாடி எழுதியவரும் அவரே. பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டுப் புத்தகத்தோடு இந்த வரலாற்றையும் ஞாயிறு பள்ளியில் சொல்ல வேண்டும் என்கிறோம்.

நம் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நன்றி. இதே வட்டாரத்தில் 1890களில் ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, நிலமில்லாத பறையர் குடும்பங்களைக் குடியமர்த்த மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகளை உருவாக்கினார். பள்ளிக்கூடமும் நிலமும் சபை வழியாக வந்தன. அந்த நன்றி நியாயமானது. ஆனால் நிலம் தந்த சபை என்பதற்காக இன்றைய சபைத் தலைவர்களைக் கேள்வி கேட்காமல் இருப்பது நன்றியாகாது. நம் இயக்கங்களுக்கும் இதையே சொல்வோம். தலைவர்மேல் புகார் வந்தால் சாதி வெறியர்களுக்கு ஆயுதம் கொடுக்காதே என்று பெண்ணின் வாயை அடைக்கிறோம். அரசியலில் பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோகும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அம்பேத்கர். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இதை மறக்க முடியாது.

தலித் கிறிஸ்தவப் பெண்ணுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக இருப்பவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. அந்தத் தகுதி கோரி 2023 ஏப்ரல் 19 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டிருக்கிறது. முடிவு ஒன்றிய அரசின் கையில். அதுவரை சாதி மறுக்கும் சட்டமும் கைகொடுக்காமல், சபையும் கைவிட்டால் அவர் எங்கே போவார்?

போவதற்கு ஒரு வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மதம் பார்ப்பதில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சி மாணவி எல்லாருக்கும் பொருந்தும். அறக்கட்டளை, சங்கம், தொண்டு நிறுவனம் ஆகியவையும் சட்டத்துக்கு உட்பட்டவை. பத்துக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும்.

பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சுகிற சபைகளுக்கு ஒரு செய்தி. மனவளர்ச்சி குன்றியோருக்காக வாழ்ந்தவர் என்று உலகம் போற்றிய ஜான் வானியே, குறைந்தது 25 பெண்களிடம் அத்துமீறினார் என்று 2023 ஜனவரியில் ஓர் அறிக்கை சொன்னது. விசாரிக்கச் சொன்னது அவர் தொடங்கிய அமைப்பேதான். அது இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நம் வட்டாரத்துச் சபைகள், தொண்டு நிறுவனங்கள், இயக்க அலுவலகங்கள் ஒவ்வொன்றிலும் உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயரும் கைபேசி எண்ணும் வாசலில் எழுதி ஒட்டப்பட வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று இளைஞர்களும் மாணவிகளும் இந்த ஞாயிறே கேளுங்கள்.