விடுகைப் பத்திரத்தில் எழுதப்படாத காரணம்

தோட்டப் பாடசாலையை விட்டு நகரத்துக் கல்லூரிக்குச் செல்லும் மலையக மாணவன், தன் செயலுக்குக் காரணம் கூறுமாறு பலராலும் வற்புறுத்தப்படுகிறான். விண்ணப்பம் கேட்கிறது, அதிபர் கேட்கிறார், 'வளர்த்த பள்ளியை மறந்தவன்' என ஊரும் பேசுகிறது. விடுகைப் பத்திரத்திலோ 'பெற்றோரின் விருப்பம்' என்று எழுதி முடித்துவிடலாம். உண்மையை மறைப்பதற்கு இதனினும் வசதியான தொடர் கிடைப்பதரிது.

நானுஓயாவையே எடுத்துக்கொள்வோம். 1885இல் புகையிரதம் இங்கு வந்து சேர்ந்தது. தேயிலை கொழும்புத் துறைமுகத்தை அடைய வழி பிறந்தது. கொழுந்து பறித்தவரின் பிள்ளைகளுக்கோ கல்விப் பாதை அவ்வளவு விரைவில் திறக்கவில்லை. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்பும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே கிடந்தன. அவற்றிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது 1977க்குப் பின்னரே. கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர் தொகையும் பெருகியது. ஆயினும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளுக்கே உரியதாயிருக்க, தோட்டப் பாடசாலைகளிற் பல கீழ் வகுப்புகளோடு நின்றுவிடுகின்றன. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமைச் சித்தி பெற்ற தொழிலாளியின் மகள், தன் பாடசாலையில் அப்பிரிவு இல்லாதவிடத்து, நுவரெலியாவுக்கோ அட்டனுக்கோ போயே தீரவேண்டும். இதனை விருப்பம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

கெட்டிக்காரர் யாவரும் வெளியேறின் தோட்டப் பாடசாலை என்றுமே உயராது என்று ஒருசாரார் வாதிப்பர். மாணவர் தொகை குறையின் உயர்தர வகுப்புக் கோருவதும் கடினமாகும் என்பது மெய்யே. ஆனால் பாடசாலையை உயர்த்தும் பொறுப்பைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது என்ன நீதி? இல்லாத வகுப்பிற்காகக் காத்திருந்து அவள் இழக்கும் இரண்டாண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பர்?

இதற்கு நேர்மாறான இடமாற்றமும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் திறமைக்கு 40 வீதம், மாவட்ட ஒதுக்கீட்டுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என இடங்கள் பகிரப்படுகின்றன. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இச்சலுகையை நாடி, வசதி மிக்க பிற மாவட்டங்களில் பயின்ற சிலர் மலையகப் பாடசாலைகளின் இடாப்பில் பெயரைப் பதிந்து பரீட்சை எழுதுவது நெடுநாள் முறைப்பாடு. முன்னையவள் கற்பிப்போரைத் தேடிச் செல்கிறாள். பின்னையவரோ கற்றதை வேறிடத்திற் பெற்றுக்கொண்டு, இவ்விடத்து வறுமையை மட்டும் இரவல் வாங்குகின்றனர். இரண்டையும் ஒரே சொல்லாற் சுட்டுவது அறிவுடைமையன்று.

எனினும் இடமாற்றங்களையெல்லாம் தடைசெய்வது தீர்வாகாது. அத்தடை முதலிற் பாதிப்பது லயன் அறையிலிருந்து புறப்படும் பிள்ளையையே. வேண்டுவன இரண்டு. மாவட்டச் சலுகை கோருவோர் அம்மாவட்டத்தில் உண்மையாகவே கற்றனரா என்பது இடாப்பின் எழுத்தைக் கொண்டன்றி, வகுப்பறை வரவைக் கொண்டு ஆராயப்படவேண்டும். தோட்டங்களுக்கு எட்டும் தொலைவில், ஆய்வுகூடமும் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், கணித ஆசிரியர்களும் கொண்ட தமிழ்மொழி விஞ்ஞானப் பிரிவுகள் நிறுவப்படவேண்டும். அதுவரை, பள்ளி மாறுவதற்கான காரணத்தை விளக்கக் கடமைப்பட்டோர் மாணவரல்லர், கல்வியை நிருவகிப்போரே.