விருந்துக்கு நம் பழம்

சில ஆண்டுகளாக நம்முடைய இல்லங்களில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. சம்பந்தி வீட்டாரோ வெளியூர் உறவினரோ வந்து அமர்ந்த மாத்திரத்தில், பையனைக் கடைக்கு ஓட்டிக் குளிர்பானப் புட்டி ஒன்றை வாங்கிவரச் செய்கிறோம். தறிக் கூலியை நம்பி வாழும் வீட்டிலும் இதுவே நடைமுறை. கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர் வீட்டிலும் இதுவே நடைமுறை. தோட்டத்தில் பழம் உதிர்ந்து கிடக்க, கூடத்தில் புட்டி திறக்கப்படுகிறது. இது குறித்து அங்கத்தினர்களிடம் சற்று மனம்விட்டுப் பேச விரும்புகிறோம்.

பழத்துக்கு நமது மாவட்டத்தில் பஞ்சமில்லை. பழனியை அடுத்த ஆயக்குடியின் கொய்யா தமிழகம் எங்கும் பெயர் பெற்றது. நத்தம் வட்டாரத்தில் மாந்தோப்புகள் மிகுதி. சிறுமலையின் மலைவாழை புவிசார் குறியீடு பெற்ற பழம். அம்மலை எலுமிச்சையும் பலாவும் தருகிறது. ஆயினும் பழம் ஒரே சமயத்தில் பழுத்துக் குவியும் நாட்களில், பறிப்புக் கூலிக்கும் வண்டிக் கூலிக்கும் கட்டாத விலையே பயிரிடுவோனுக்குக் கிட்டுகிறது. அச்சமயம் பறிக்காமலே விட்டுவிடுவது இலாபம் என்று அவர் எண்ணுவதில் வியப்பில்லை.

மறுபுறம், நாம் காசு கொடுத்து வாங்கும் புட்டியில் இருப்பது யாது? சாதாரணக் கோலா வகைகளில் 200 மில்லிக்கு ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை உண்டு. பழம் என்பது துளியும் இல்லை. பழத்தின் படம் போட்ட பானங்களிலோ, சட்டம் கேட்பது நூற்றுக்குப் பத்துப் பங்கு பழம் மட்டுமே. எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையுமே. நம் தண்ணீரையும் நம் சர்க்கரையையும் நமக்கே விலைக்கு வாங்குகிறோம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

நிற்க. பட்டணங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது 'மார்கரிட்டா' என்றொரு பானத்தைப் பற்றிப் பேசக் கேட்கிறோம். பெரிய ஓட்டல்களில் நல்ல விலைக்கு விற்கப்படுவது அது. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. மெக்சிகோ நாட்டோடு சேர்த்துப் பேசப்படும் அப்பானத்தில் எலுமிச்சைச் சாறும், ஆரஞ்சின் மணமேற்றிய மதுவும், 'டெக்கீலா' என்னும் சாராயமும் சேர்கின்றன. குவளையின் வாயோரத்தில் உப்புத் தடவித் தருவது அதன் சிறப்பு. மா, கொய்யா, அன்னாசி போன்ற வெப்ப நாட்டுப் பழங்களை அரைத்துச் சேர்ப்பதும் உண்டு.

அந்த டெக்கீலா எதிலிருந்து கிடைக்கிறது என்பதை அறிந்தால் நம் விவசாயிகள் புன்னகை செய்வார்கள். நமது மானாவாரி நிலங்களின் வரப்பிலும் இரயில் பாதை ஓரங்களிலும் வேலியாக நிற்கும் ஆனைக் கற்றாழை இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரமான நீலக் கற்றாழையின் அடிக்கிழங்கை வேகவைத்து, நசுக்கி, புளிக்கவைத்து வடிப்பதே டெக்கீலா. ஒரே குடும்பத்துச் செடியிலிருந்து அவர்கள் சாராயம் கண்டார்கள். நாம் நார் உரித்துக் கயிறு கண்டோம். எது உத்தமம் என்பதை அங்கத்தினர்களே தீர்மானிக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. கொய்யா, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, அன்னாசி ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவையே. அவற்றை நாம் நம்முடையவை ஆக்கிக்கொண்டோம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் கொய்யாவைக் கீறி உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தருவதைத் தின்னாதவர் நம்மில் எவர்? இராமநவமியன்று வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் கூட்டிப் பானகம் வழங்குகிறோம். பழம், புளிப்பு, இனிப்பு, உப்பு என்னும் இச்சேர்க்கை நம் நாக்குக்குப் புதியதன்று. மார்கரிட்டாவில் உள்ள நல்லதனைத்தும் முன்னரே நம் வீதியில் இருந்தது. இல்லாதது சாராயம் ஒன்றே. அது இல்லாமலே இருக்கட்டும்.

இதைச் சொல்லுகையில் உபதேசம் செய்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது; 1971-இல் தளர்த்தப்பட்டது; 1974-இல் மீண்டும் வந்தது; பின்னர் அதுவும் போயிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசின் நிறுவனமே நடத்தி வருகிறது. சட்டம் எவ்வாறு இருப்பினும், வாரக் கூலி வீடு வந்து சேருமுன் பாதி கரைந்துபோகும் துன்பத்தை நெசவாளர் குடும்பத்துப் பெண்களிடம் கேட்டால் தெரியும். வீட்டில் சாராயம் வடிப்பதோ குற்றம் மட்டுமன்று, உயிருக்கே உலை. விஷச் சாராயத்தால் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடு மறக்கவில்லை. ஆகவே வீட்டில் செய்யத்தக்கது பழரசம் ஒன்றே.

செய்யும் முறை எளிது. நான்கு பேருக்கு நன்கு பழுத்த கொய்யா அரைக் கிலோ, எலுமிச்சம்பழம் இரண்டு, சர்க்கரை நான்கு மேசைக்கரண்டி, விரல்நுனி அளவு இஞ்சி, தண்ணீர் மூன்று குவளை போதும். கொய்யாவை நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாற்றில் பாதியைப் பிழிந்துவிட வேண்டும். இன்றேல் சதை கறுத்துவிடும். பின்னர் இஞ்சியையும் சிறிது நீரையும் சேர்த்து மசிக்கலாம். மிக்ஸியில் இடுவோர் ஓரிரு சுற்றோடு நிறுத்துவது நலம். விதை உடைந்தால் பானம் நறநறக்கும். மசித்ததை மெல்லிய மல் துணியில் வடிகட்டி, சர்க்கரையையும் மீதிச் சாற்றையும் நீரையும் கலந்தால் பானம் ஆயிற்று. மல் துணிக்கு நம் நெசவாளரிடம் குறைவில்லை. கீழ்ப்பழனி மலையின் கமலா ஆரஞ்சு கிடைக்குமானால், அதன் தோலைச் சிறிது துருவிச் சேர்க்க, ஓட்டல்காரர் மதுவினால் வருவிக்கும் மணம் செலவின்றி வந்துவிடும்.

இனி உப்பின் சேதி. ஒரு தட்டில் தூள் உப்பும் சிறிது மிளகாய்த் தூளும் பரப்பிக்கொள்க. பிழிந்த எலுமிச்சை மூடியால் குவளையின் வாயோரத்தைத் துடைத்து, தட்டில் கவிழ்த்து எடுத்தால் உப்பு ஒட்டிக்கொள்ளும். உப்பு கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக்காட்டும் இயல்புடையது. ஆகவே சர்க்கரையைக் குறைத்தாலும் சுவை குன்றாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பையும், நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையையும் விலக்கிவிட வேண்டும். கடைப் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று நமக்குத் தெரியாது. காய்ச்சி ஆறவைத்து மண்பானையில் ஊற்றிய நீர் போதும்.

பழத்துக்குப் பழம் கணக்கு மாறும். மாம்பழத்தில் இயல்பான புளிப்பு இருப்பதால் எலுமிச்சை பாதி போதும். பப்பாளிக்கு எலுமிச்சை தாராளமாக வேண்டும். அதுவே அதன் மந்தமான வாடையை மாற்றும். சப்போட்டாவுக்கு எலுமிச்சை பொருந்தாது. அதைப் பாலோடு விட்டுவிடுவதே நலம். கொய்யாவில் வைட்டமின் சி ஆரஞ்சில் உள்ளதைப்போல் மூன்று நான்கு மடங்கு உண்டு. அது கொதிக்கவைத்தால் குறையும். ஆதலால் அன்றன்று பிழிந்து அன்றன்றே அருந்துவதில் நயம் உண்டு.

'இத்தனை வேலையும் பெண்கள் தலையில்தானே விழும்?' என்று சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பாவு சுற்றி, நூல் இழைத்து, அடுப்படியும் பார்ப்பவரிடம் மேலும் ஒரு சுமையை வைப்பது எங்கள் எண்ணமன்று. கடைக்கு ஓடும் பையன் கால் மணி நேரம் அமர்ந்து கொய்யா நறுக்கட்டும். வந்தவரோடு பேசிக்கொண்டே வீட்டு ஆண்மகன் எலுமிச்சை பிழியட்டும். அதனால் எவருடைய மதிப்பும் குறைந்துவிடாது.

வீட்டுக்கு வீடு அரைக் கிலோ பிழிவதால் தோப்பில் குவிந்த பழமெல்லாம் தீர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது சங்கத்தின் வேலை. பழம் மலிந்த நாட்களில் சங்கம் அங்கத்தினரிடம் நியாய விலைக்கு எடுத்து, ஸ்குவாஷாகக் காய்ச்சி வைக்கலாம். வடித்த சாறு ஒரு லிட்டர், சர்க்கரை சுமார் 1,600 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், சிட்ரிக் அமிலம் சுமார் 30 கிராம் என்ற அளவில் கூட்டினால், நூற்றுக்கு 25 பங்கு சாறும் 40 பங்கு கரைபொருளும் வேண்டும் என்ற விதியைத் தாண்டியே நிற்கும். கெடாதிருக்கச் சேர்க்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கிலோவுக்குச் சுமார் 0.6 கிராம்தான். இதைக் கண்மதிப்பில் போடக் கூடாது. நுண்ணிய தராசு வேண்டும். திராட்சை, நாவல் போன்ற நிறமுள்ள சாற்றுக்கு இது ஆகாது, நிறம் வெளுத்துவிடும். இக்காரணங்களாலும், விற்பனைக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு தேவை என்பதாலும், ஸ்குவாஷைத் தனி வீட்டுக்கு விடாமல் சங்கமே மேற்கொள்வது முறை. மும்பையில் 1959-இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத் தொழில் எவ்வளவு வளர்ந்தது என்பதை எண்ணினால், முதல் சிறியதே என்ற தயக்கம் தோன்றாது.

இதில் நம் சங்கத்துக்கே உரிய ஒரு வசதியும் இருக்கிறது. இங்கே பயிரிடுவோரும் நெய்வோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். விவசாயி வீட்டுக் கல்யாணத்துக்குச் சின்னாளபட்டிச் சேலை எடுக்க வேண்டும் என்று நெசவாளர் எதிர்பார்க்கிறார், அது தவறன்று. அந்நெசவாளர் வீட்டு விருந்தில் ஆயக்குடிக் கொய்யா பரிமாறப்பட வேண்டும் என்று விவசாயி எதிர்பார்ப்பதும் தவறன்று. ஒருவர் உழைப்பை மற்றவர் வாங்காமல் கூட்டுறவு என்ற சொல்லை மட்டும் பலகையில் எழுதி வைப்பதில் பயனில்லை.

ஆரம்பத்தைப் பிறரிடம் எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் நிர்வாகிகள் புட்டிகளை அடுக்காமல், அங்கத்தினர் தோட்டத்துக் கொய்யாவைப் பிழிந்து, உப்புத் தடவிய குவளைகளில் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, புட்டிக்குச் சென்ற ஆண்டு ஆன செலவையும் கொய்யாவுக்கு இவ்வாண்டு ஆன செலவையும் அடுத்தடுத்த வரியில் வாசிக்கட்டும். கேட்டபின் அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுக்கு எது தகும் என்று முடிவு செய்துகொள்வார்கள்.