கழித்தல் குறி இட்ட வரி



ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, போட்டிக்காகத் தன் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். அதனைத் தட்டச்சு செய்து நான்கு முறை திருத்தினேன். முன்பெல்லாம் 'இறுதி', 'இறுதி 2', 'மெய்யான இறுதி' என்று கோப்புகளைக் குவித்துவைப்பது என் வழக்கம். எதற்குப் பின் எது வந்தது என்பது எனக்கே விளங்காது. இம்முறை கிட் என்னும் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியே பதிந்துவைத்தேன்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய இலவச மென்பொருள் இது. நிரலாளர்களுக்கென்றே பிறந்தது. 'கிட் டிஃப்' என்று தட்டி, இரண்டு பதிவுகளின் அடையாளத்தைக் கொடுத்தால் போதும். நீக்கப்பட்ட வரியின் முன் கழித்தல் குறியும், சேர்க்கப்பட்ட வரியின் முன் கூட்டல் குறியும் இட்டுக் காட்டிவிடும்.

தமிழுக்குச் சில இடர்ப்பாடுகள் உண்டு. வேர்ட் கோப்பை அது அப்படியே ஒப்பிடாது. யூனிகோடு எழுத்தில் வெறும் உரைக்கோப்பாகச் சேமித்தல் வேண்டும். ஒப்பீடு வரிக்கு வரி நடப்பதால், ஒரு பத்தியை ஒரே வரியாகத் தட்டியிருந்தால் ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தி முழுவதும் மாறியதாகவே காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று தட்டுவது நன்று. அல்லது 'வேர்ட்-டிஃப்' என்னும் விருப்பத்தைச் சேர்த்தால் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும். இன்னொன்று. யூனிகோட்டில் 'கொ' என்னும் எழுத்தை இருவகையாகச் சேமிக்க இயலும்: கொம்பையும் காலையும் ஒரே குறியாகவோ இரண்டு குறிகளாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவிக்கு அவை வெவ்வேறு. இதனைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது செலவாயிற்று!

முதற்படியையும் நான்காம் படியையும் ஒப்பிட்டபோது, எழுத்துப்பிழைகளுக்கு இடையில் ஒரு கழித்தல் வரி நின்றது.

'பாட்டி போன பிறகும் அவருடைய செருப்பை அம்மா வாசலிலேயே வைத்திருக்கிறார்.'

அதன் கீழே கூட்டல் குறியோடு என் வரி.

'பாட்டியின் பிரிவால் எங்கள் குடும்பமே துன்பக் கடலில் மூழ்கியது.'

எப்போது மாற்றினேன் என்பதே நினைவில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அலங்காரத் தொடர்களைத் திணிக்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டபாடில்லை. பெற்றோர் சிலரும் வீட்டில் இதனையே செய்கின்றனர்.

"இதற்கு ஒரு கணினியா? சிவப்பு மை போதாதா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். சிவப்பு மை பிள்ளையின் பிழையைத்தான் காட்டும். இங்கே என் கைவேலையும் சேர்ந்தே அகப்பட்டது. ஆனால் கருவிக்குத் தரம் தெரியாது. நீக்கிய பிழைக்கும் நீக்கிய நல்ல வாக்கியத்துக்கும் அது ஒரே கழித்தல் குறியைத்தான் இடுகிறது. படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே. ஆகவே கட்டளை தட்டத் தெரியாதவர்களும் மாணவரின் முதற்படியைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். திருத்திய படியின் அருகில் வைத்து ஒருமுறையேனும் படியுங்கள்.

செருப்பு வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்து, ஐந்தாம் பதிவாகச் சேமித்தேன். மாணவியிடம் காட்டினேன். "டீச்சர், இது நல்லா இல்லைன்னு எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்," என்றாள்.