தாயிழந்த கரடிக் குட்டிகள்

அருணாசலப் பிரதேசத்தில், அஸ்ஸாம் எல்லையை ஒட்டி, பக்கே என்னும் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. வேட்டைக்குத் தாயைப் பறிகொடுத்த ஹிமாலயக் கருங்கரடிக் குட்டிகளை அங்கே கையால் பாலூட்டி வளர்த்து, மீண்டும் காட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த ராஜ்யத்தின் வன இலாகாவும், வைல்ட்லைப் டிரஸ்ட் ஆப் இந்தியா என்னும் ஸ்தாபனமும் சேர்ந்து இந்நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் தொடங்கிய காரியம் இது. தேசத்தில் எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்கையில் கரடிக் குட்டியைப் பற்றித் தலையங்கமா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். வாயற்ற பிராணியை ஒரு ராஜ்யம் எவ்வாறு நடத்துகிறது என்பதும் ராஜீய விஷயமே என்பது நமது அபிப்பிராயம்.

கரடிக் குட்டி குளிர்காலத்தில் குகையிலோ மரப் பொந்திலோ பிறக்கிறது. பிறக்கும்போது அரைக் கிலோ எடைகூட இராது, கண்ணும் திறந்திராது. ஏறக்குறைய இரண்டு வருஷம் தாயின் பின்னாலேயே திரிந்து பிழைக்கக் கற்கிறது. இடையில் தாய் சுடப்படுகிறது. இறைச்சிக்காகவோ, சோளக் கொல்லையை அழித்ததற்காகவோ, பித்தப்பைக்காகவோ. கரடிப் பித்தத்தில் உள்ள மருந்துச் சரக்கை ரசாயன சாலையில் செய்து மருந்துக் கடைகளில் மாத்திரையாக விற்கிறார்கள். அப்படியிருந்தும் பித்தப்பைக்குக் கள்ளச் சந்தையில் கிராக்கி குறையவில்லை. குட்டியை வேட்டைக்காரன் ஊருக்குக் கொண்டுவருகிறான். சின்னஞ்சிறு குட்டி, குழந்தைகள் கொஞ்சுகிறார்கள். ஒரு வருஷம் சென்றால் அதற்கு நகமும் பல்லும் வலுத்துவிடும். அப்புறம் அதற்குச் சங்கிலி, அல்லது தடி.

பக்கேயில் கையாளும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குட்டி வந்ததும் தனியே வைத்து, நோய் உண்டா என்று பார்க்கிறார்கள். புட்டிப் பாலில் தொடங்கிப் படிப்படியாகத் திட உணவுக்குப் பழக்குகிறார்கள். பிறகுதான் உண்மையான பாடம். தினந்தோறும் சிப்பந்தி குட்டிகளை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறார். அவர் எதையும் கற்பிப்பதில்லை. உடன் செல்கிறார், அவ்வளவுதான். குட்டிகள் தாமே மரம் ஏறுகின்றன. உளுத்த கட்டையைப் புரட்டி எறும்பும் கரையானும் தேடுகின்றன. எந்தப் பழம் தின்னத் தக்கது என்று தின்றே அறிகின்றன. ஆரம்பத்தில் இலை அசைந்தால் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொள்ளும் குட்டி, மாதங்கள் செல்லச் செல்ல அவரை விட்டு விலகி நடக்கிறது. கடைசியில், கூப்பிட்டாலும் வருவதில்லை. அந்த அலட்சியத்தைக் காணத்தான் இத்தனை பாடும். கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டி, அது போகுமிடத்தைத் தொலைவிலிருந்து கவனித்து வருகிறார்கள். மனிதவாசனையை மறக்க மாட்டாமல் திரும்பி வந்துவிடும் குட்டிகளும் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. வளர்ப்பவர் அன்பு மிகுதியால் கொஞ்சிக் குலாவினால் கெடுவது குட்டியே.

இவ்வளவு சிரமம் எதற்கு, மிருகக்காட்சி சாலையில் விட்டுவிட்டால் தீர்ந்ததே என்று சொல்லும் அதிகாரிகள் இருப்பார்கள். அவர்கள் ஆக்ராவிலுள்ள கரடி மீட்பு நிலையத்தைப் பார்க்கட்டும். அங்குள்ள தேன்கரடிகள் பல, கலந்தர்கள் என்னும் வகுப்பார் வீதியில் ஆட்டிப் பிழைத்தவை. மூக்கில் துளையிட்டுக் கயிறு கோக்கப்பட்டவை. கோரைப் பற்கள் உடைக்கப்பட்டவை. அவை காட்டுக்குப் போனால் பிழைக்க மாட்டா. ஆகவே அடைத்து வைத்துச் சோறிடுவது அவற்றுக்குச் செய்யும் தருமம். பல்லும் நகமும் பழுதற்ற குட்டியை, வேலை குறையும் என்பதற்காக ஆயுள் முழுதும் கம்பிக்குள் போடுவதோ தண்டனை. குற்றம் என்ன செய்தது அது?

ஆக்ராக் கரடிகளின் சரித்திரத்தில் சர்க்கார் கற்க வேண்டியது வேறொன்றும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2009 வரையில் கரடி வீதியில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கலந்தர்களுக்கு வேறு பிழைப்புக்கு வழிசெய்து, அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பிய பிறகே அந்த ஆட்டம் நின்றது. வெறும் சட்டம் முப்பத்தேழு வருஷம் காகிதத்தில் தூங்கிற்று.

பக்கேயைச் சுற்றி வாழும் நிஷி மக்களிடமும் இதே பாதையைத்தான் பின்பற்ற வேண்டும். வேட்டை அவர்களுடைய பரம்பரை வழக்கம். ஆயினும், தலையணியில் சூடும் இருவாட்சி அலகுக்குப் பதிலாகக் கண்ணாடி இழையில் செய்த அலகை ஏற்றுக்கொண்டவர்களும் அவர்களே. ஊர்ப் பெரியவர்கள் கூடி வேட்டையாடுவோருக்கு அபராதம் விதித்ததும் அங்கேதான். அப்படிப்பட்டவர்களைக் குற்றப் பரம்பரைபோல் நடத்துவது மடமை. கொல்லையைக் கரடி அழித்தால், குடியானவனுக்கு நஷ்டஈடு அடுத்த விதைப்புக்குள் கைக்கு வரவேண்டும். மனு கொடுத்து வருஷக்கணக்கில் காத்திருப்பவன் துப்பாக்கியை எடுப்பதில் வியப்பில்லை.

மத்திய இந்தியாவிலும் தக்கணத்திலும் தேன்கரடிக் குட்டிகளும் இவ்வாறே தாயை இழக்கின்றன. பக்கேயின் முறையை, அந்தந்தக் காட்டுக்குத் தக்கபடி மாற்றி, அங்கும் சோதித்துப் பார்க்க ராஜ்ய சர்க்கார்கள் முன்வர வேண்டும். கட்டடமும் திறப்பு விழாவும் அதற்கு முக்கியமல்ல. மழையிலும் அட்டைக் கடியிலும் குட்டியோடு நாளெல்லாம் நடக்கும் ஆள்தான் முக்கியம். அவருக்கு உத்தியோகம் நிரந்தரமாகட்டும். மாதச் சம்பளம் அந்த மாதத்திலேயே கிடைக்கட்டும்.