சைக்கிளும் கைப்பேசியும்

1941-ஆம் வருஷத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிமார் முன் வைத்த கோரிக்கைகள் பல. கூலி உயர வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்பன அவற்றுட் சில. இவற்றோடு மற்றொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

இதைக் கேட்டு இக்காலத்து இளைஞர் சிரிக்கக்கூடும். ஆனால் இது சிரிக்கத்தக்க விஷயமன்று. சைக்கிள் தொழிலாளியின் காசு. மிதிப்பது அவன் கால். எனினும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உரிமை மட்டும் பிறன் கையில் இருந்தது. அதைக் கேட்டதற்காகப் பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின, முன்னின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். யாரைக் கண்டு இறங்க வேண்டியிருந்ததோ அந்தக் கிராணி வர்க்கத்தைச் சேர்ந்தவர்களாகிய நாம் இதை எழுதுகிறோம் என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டுகிறோம்.

நிற்க. கம்போங் குவாந்தானிலிருந்து புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வரையிலுள்ள தோட்டங்களில் இன்று கைப்பேசி இல்லாத கை இல்லை. 1985-இல் இந்நாட்டில் கம்பியில்லாத் தொலைபேசிச் சேவை முதன்முதலில் ஏற்பட்டபோது அது காரில் போகும் கனவான்களுக்கு உரிய பொருளாயிருந்தது. அது நம்மவர் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது பெரிய முன்னேற்றமே. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்பது ஒன்று. கருவி நம்முடையது, அதற்கு மாதந்தோறும் கட்டும் பணமும் நம்முடையது. அதன் உள்ளே ஓடும் கணக்கு யாருடையது?

செம்பனைக் காட்டில் நடப்பதை நகரத்து வாசகர்களுக்காகச் சொல்கிறோம். தொழிலாளி குலையை வெட்டிச் சாலையோரம் அடுக்கி, காம்பின் வெட்டுவாயில் தன் எண்ணை எழுதி வைக்கிறான். முன்னாளில் மண்டோர் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக வந்து எண்ணுவார். இப்போது கையடக்கக் கருவியோடு வருகிறார். எண்ணைத் தட்டுகிறார், பழுத்தது இத்தனை, காய் இத்தனை என்று தட்டுகிறார். பனைமட்டைக்கு அடியில் அலைவரிசை எட்டாதாகையால், கணக்கு கருவியிலேயே தங்கி, மாலையில் ஆபீஸுக்கு வந்தபிறகு பெரிய கணினிக்குப் போய்ச் சேர்கிறது. காய்க்குலைக்குப் பிடித்தம் போக மாதச் சம்பளத்தை அதுவே போட்டுவிடுகிறது. அதுவரை எல்லாம் சரியே. ஆனால், வெட்டியவன் தன் கணக்கைத் தானே பார்க்க அதில் இடமுண்டா? பார்த்தாலும் வாசிக்க அதில் அவன் மொழியுண்டா? நாம் கையாண்ட கருவியில் இரண்டும் இல்லை.

நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு மாதம் சம்பளத்தில் இரண்டு நாள் குலைக்கணக்கு விடுபட்டுவிட்டதென்று ஓர் அம்மாள் ஆபீஸுக்கு வந்தார். புருஷன் வெட்ட, அவர் உதிரி பொறுக்குகிறவர். நாம் கணினியைத் திறந்து பார்த்து, "இதில் இல்லையே அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மறுநாள் அவர் சுவரில் மாட்டும் நாட்காட்டியையே கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் ஐந்தைந்தாகக் கோடுகள் இருந்தன. "கிராணியார் ஐயா, உங்கள் மிஷினுக்கு மறதி வரும், என் கோட்டுக்கு மறதி வராது" என்றார். விசாரித்ததில், பழுதுபார்க்க அனுப்பிய ஒரு கருவியினுள்ளேயே அந்த இரண்டு நாளும் அடைபட்டுக் கிடந்தன. அடுத்த மாதம் பணம் சேர்க்கப்பட்டது. அவர் கோடு போட்டிராவிட்டால்? நம் ஆங்கிலப் படிப்பும், நம் கணினியும், நம் 'இதில் இல்லையே அம்மா'வும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் உழைப்பை விழுங்கியிருக்கும். அன்றைக்கு அந்த அம்மாளை நாம் சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்னோம் என்பதே உண்மை.

"இயந்திரம் பொய் சொல்லாது; மண்டோர்களின் புரட்டெல்லாம் இதனால் ஒழிந்தது" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இயந்திரம் பொய் சொல்லாது, மெய்தான். ஆனால் சொல்லாமலும் விட்டுவிடும். பென்சில் கணக்கை எட்டிப் பார்க்கவாவது தொழிலாளிக்கு முடிந்தது.

"தொழிலாளிக்குப் படிக்கத் தெரியாது, காட்டி என்ன பயன்?" என்பது அடுத்த ஆட்சேபணை. நாளைக்கு நூறு செய்தி வாசித்து அனுப்புகிறவனுக்குத் தன் குலைக்கணக்கு மட்டும் வாசிக்கத் தெரியாதா?

"தோட்டத்தில் தமிழர் எத்தனை பேர் மிச்சம்? இந்தோனேசியரும் வங்காளதேசத்தாருமே அதிகம்" என்பது மூன்றாவது. அப்படியானால் அவர்கள் மொழிகளிலும் காட்டட்டும். நாம் தமிழனுக்கு மட்டும் நியாயம் கேட்கவில்லை. கடல் கடந்து வந்தவனுக்குக் கணக்குக் காட்டாத வழக்கம் எவ்வளவு பழமையானதென்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியும்.

தமிழில் செய்வது இயலாதென்று எவரேனும் சொன்னால், அவர் இந்நாட்டுச் சரித்திரம் அறியாதவர். கணினியில் தமிழ் எழுத 1985-லேயே 'முரசு அஞ்சல்' கண்டவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். கைப்பேசியில் தமிழ் எழுதும் 'செல்லினம்' 2005-இல் வெளிவந்ததும் அவர் கைவண்ணமே. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று. உலகத் தமிழர் கைப்பேசிக்குத் தமிழ் கொடுத்த நாட்டில், அந்நாட்டுத் தோட்டத் தொழிலாளியின் சம்பளக் கணக்குக்குத் தமிழ் இல்லையென்றால், குறை எழுத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

இனி நம்மவரையும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு சக்தி வாய்ந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் செய்வதென்ன? விடிந்ததும் ராசிபலன், மத்தியானம் சினிமாத் துணுக்கு, இரவில், இந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை நடக்கும் என்ற மிரட்டல். போதாக்குறைக்குச் சூதாட்டமும், அவசரக் கடன் தருகிறோமென்று வலை விரிக்கும் வட்டிக்காரனும் அதே கண்ணாடிக்குள் குடியிருக்கிறார்கள். அன்று தோட்டத்து மூலையில் இருந்த கள்ளுக்கடை இன்று சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. அதே கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைப் பார்க்க முடியும். முதலாளி தம் பங்கைக் கட்டினாரா இல்லையா என்று அறிய முடியும். இதை மாதமொரு முறை பார்க்கிறவர் நம் லயத்தில் எத்தனை பேர்?

தோட்டத்தைவிட்டு வெளியேறிய பிள்ளைகளின் நிலையும் வேறன்று. கோலசிலாங்கூரிலும் புஞ்சாக் ஆலாமிலும் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எங்கே எடுப்பது, எங்கே கொடுப்பது, கூலி எவ்வளவு என்று எல்லாம் கைப்பேசிச் செயலி சொல்லுகிறது. ஒரு நாள் 'உன் கணக்கு மூடப்பட்டது' என்று அது சொல்லிவிட்டால், ஏனென்று கேட்க எதிரில் ஒரு கிராணிகூட இல்லை. இத்தகையோரைக் காக்க 2025-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. வழக்குகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயத்துக்கும் அது வழி செய்கிறது. நல்லதே. ஆனால் தீர்ப்பாயத்தின் முன் நிற்பவன் கையில் கணக்கு இல்லாவிட்டால் அவன் என்ன பேசுவான்?

சட்டம் நம் பக்கம் அடியோடு இல்லையென்று சொல்வதற்கில்லை. சம்பள விவரத்தைத் தொழிலாளிக்குத் தர வேண்டுமென்பது 1957-ஆம் வருஷத்து வேலைவாய்ப்பு விதிகளிலேயே உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. குலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கும் அது உரியது. ஆனால் விவரம் வந்து சேர்வது மாத முடிவில். குலையோ அன்றன்றே ஆலைக்குப் போய் எண்ணெயாகிவிடுகிறது. பிறகு எதை எண்ணிக் காட்டுவது?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். முதலாளிமாரே, அன்றாடக் கணக்கை அன்றாடமே, தொழிலாளியின் மொழியில், அவன் கைப்பேசிக்கு அனுப்புங்கள். மண்டோர் கருவிக்கு எட்டிய தந்திரம் இதற்கு எட்டாதா? தொழிற்சங்கத்தாரே, கூலியைப் பற்றிப் பேசுமிடத்தில் கணக்கைப் பற்றியும் பேசுங்கள். கிராணித் தோழர்களே, 'இதில் இல்லையே' என்பதற்குமுன் ஒருமுறை காட்டுக்குள் போய் விசாரியுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, கைப்பேசியில் தமிழ் எழுதவும் கணக்குச் சரிபார்க்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பிள்ளைகள் வீட்டில் கற்றுக்கொடுப்பார்கள்.

தோழர்களே, அதுவரை உங்களைத் தடுப்பவர் யார்? மாலையில் அடுக்கிய குலைகளை, காம்பின் எண் தெரியும்படி, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் நேரமும் அதனோடு பதிந்துவிடும். நாட்காட்டியில் கோடும் போடுங்கள்.

கம்போங் குவாந்தானில் இரவு படகேறுகிறவரிடம் கைப்பேசி விளக்கை அணைக்கும்படி படகோட்டி சொல்லுகிறார். பெரம்பாங் மரத்து மின்மினி கலையாமலிருக்க எத்தனை பெரிய மனிதரும் பேசாமல் அணைத்துவிடுகிறார். ஒரு பூச்சியின் வெளிச்சத்துக்கு இந்த மரியாதை தரத் தெரிந்த நாடு, பகலெல்லாம் வெட்டியவனுடைய கணக்குக்கு மரியாதை தர மறுக்க நியாயமில்லை. 1941-இல் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோமென்றவர்களின் பேரப்பிள்ளைகள், கணக்கைக் காட்டென்று கேட்கக் கூசலாமா?